ஒரு படத்தின் எடை 2,000 வாடிக்கையாளர்!

கம்ப்யூட்டர் பேரேட்டுக்கும் வாடகை உண்டு – கோவைப் பட்டறைக்காரர்கள் அறிய வேண்டிய கணக்கு

ஒரு பட்டறையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கோவையில் கணபதிப் பக்கம் உள்ள மோட்டார் பம்பு பட்டறை. தாத்தா தொடங்கியது. மகன் பெருக்கியது. இப்போது பேரன் கணக்குப் பார்க்கிறான்.

ஒருநாள் காலை. பேரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் கவலை.

"அப்பாரு, இதுல இடம் நெறஞ்சு போச்சுங்க."

பெரியவருக்கு வியப்பு.

"இடமா? அந்தப் பொட்டிக்குள்ள நெல்லா கண்ணு கொட்டி வச்சிருக்கே?"

"வாடிக்கைக்காரங்க பேரு, போன் நம்பரு, பில்லு எல்லாம் இருக்குதுங்க. இன்னும் இடம் வேணும்னா மாசவாடகையை ஏத்தணும்ங்கறாங்க. பேசாம பழசையெல்லாம் அழிச்சுப் போடலாமுங்களா?"

பெரியவர் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறார்.

"அழிக்கறதுக்கு முன்னால, எது பழசு, எது சரக்குன்னு பாத்தியா?"

இது ஒரு கற்பனைப் பட்டறைதான். ஆனால் இந்தக் கேள்வி கற்பனை அல்ல. கம்ப்யூட்டரில் வியாபாரம் செய்யும் எவருக்கும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

பேரேடு எங்கே போயிற்று?

முன்பெல்லாம் கடைக்கு ஒரு பேரேடு இருக்கும். சிவப்புத் துணி அட்டை போட்ட தடித்த நோட்டு. ஆயுத பூஜையன்று அதற்கும் பொட்டு வைப்பார்கள். யார் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி, எந்த ஊர் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கொங்கு நாட்டில் அந்தப் பேரேடு பெருத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது மின்சாரம்!

1930-களில் நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். 1955-ல் பி. சபாபதி என்பவர் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். இட்லி மாவு ஆட்டும் வேலை மின்சாரத்தின் கைக்கு மாறியது.

மோட்டாரும் கிரைண்டரும் ஒருமுறை விற்றதோடு முடிகிற சரக்கு அல்ல. இன்று வாங்கியவர் பத்து ஆண்டு கழித்துப் பழுது பார்க்க வருவார். ஆகவே அவர் பெயரையும் அவர் வாங்கிய சரக்கையும் மறக்கக்கூடாது. அந்த நினைவுதான் பட்டறையின் மூலதனம்.

இன்று அந்த நினைவு நோட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. இதற்கென்றே சாப்ட்வேர் இருக்கிறது. வாடிக்கையாளர் உறவு சாப்ட்வேர் என்று பெயர். சுருக்கமாக சி.ஆர்.எம். என்பார்கள்.

யார் போன் செய்தார், யாருக்கு விலை சொன்னோம், யாருடைய மோட்டார் புகைந்தது, யாருக்கு நாளை ஆள் அனுப்ப வேண்டும் என்பதை எல்லாம் அது நினைவில் வைத்திருக்கும். கேட்டால் ஒரு நொடியில் சொல்லும்.

இதில் உலகப் புகழ் பெற்றது சேல்ஸ்போர்ஸ் என்ற கம்பெனி. 1999-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கியது. தமிழ்நாடும் பின்தங்கிவிடவில்லை. 1996-ல் தொடங்கிய ஸ்ரீதர் வேம்புவின் கம்பெனி, பின்னாளில் சோஹோ என்று பெயர் பெற்றது. அது 2005-ல் தன் சி.ஆர்.எம். சாப்ட்வேரை வெளியிட்டது. 2010-ல் சென்னையில் பிறந்த பிரஷ்வொர்க்ஸ் கம்பெனி, 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் வரை போயிற்று.

குடோன் வாடகை

பழைய பேரேட்டுக்கு வாடகை கிடையாது. நோட்டு நிறைந்தால் புது நோட்டு வாங்கலாம். பழையதைப் பரண்மேல் போடலாம்.

கம்ப்யூட்டர் பேரேடு அப்படி அல்ல. அது பட்டறையில் இருப்பதில்லை. சாப்ட்வேர் கம்பெனி தன் பெரிய கம்ப்யூட்டர்களில் அதை வைத்துக் காக்கிறது. இதைத்தான் கிளவுட் என்கிறார்கள்.

ஈரோட்டில் மஞ்சள் மூட்டையைக் குடோனில் வைக்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். மஞ்சள் நம்முடையது. குடோன் வேறொருவருடையது. மூட்டை கூடக்கூட வாடகையும் கூடும். விலை போகாத சொத்தை மஞ்சளை வைத்திருந்தாலும் அதே வாடகைதான்!

கம்ப்யூட்டர் பேரேட்டிலும் அதுவே நடக்கிறது. பயன்படும் பதிவுக்கும் வாடகை. பயன்படாத பதிவுக்கும் வாடகை.

எழுத்தைச் சேமிக்க வாடகை கேட்பது புதிய பழக்கமும் அல்ல. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி ராமாக் என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் சேமிப்புப் பெட்டியின் எடை ஒரு டன்னுக்கு மேல்! உள்ளே 50 பெரிய தட்டுகள். அவ்வளவு பெரிய பெட்டியில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தாம். அந்த இயந்திரத் தொகுதிக்கு மாதவாடகை 3,200 டாலர்!

இன்று நாம் செல்போனில் எடுக்கும் பெரிய படம் ஒன்றுகூட அந்தப் பெட்டியில் அடங்காது. அதன் பிறகு சேமிப்பு மிகவும் மலிந்துவிட்டது. ஆனால் மலிந்ததால்தான் நாம் அளவில்லாமல் கொட்டுகிறோம்.

"கோவை" என்று எழுத எவ்வளவு இடம்?

நெல்லுக்குப் படி, மரக்கால் உண்டு. கம்ப்யூட்டர் எழுத்துக்கும் அளவு உண்டு. அதன் அடிப்படை அளவு பைட். 1,024 பைட் சேர்ந்தால் ஒரு கே.பி. 1,024 கே.பி. சேர்ந்தால் ஒரு எம்.பி. 1,024 எம்.பி. சேர்ந்தால் ஒரு ஜி.பி.

"கோவை" என்று தமிழில் எழுதினால் 12 பைட் ஆகும். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட். "அப்படியானால் தமிழில் எழுதினால் இடம் வீணாகுமே?" என்று பயப்பட வேண்டாம். செல்போனில் எடுத்து அப்படியே ஏற்றும் ஒரு படம் 4 எம்.பி. இருக்கும் என்று கொள்வோம். அந்த இடத்தில் "கோவை" என்று ஏறக்குறைய மூன்றரை லட்சம் தடவை எழுதலாம்!

இடத்தைத் தின்பது எழுத்து அல்ல. படமும் பேச்சும்தான். போன் பேச்சைப் பதிவு செய்தால் நிமிடத்துக்கு அரை எம்.பி. முதல் ஒரு எம்.பி. வரை போய்விடும்.

சேல்ஸ்போர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. பெரும்பாலான பதிவுகளை, பதிவுக்கு 2 கே.பி. என்று கணக்கிடுகிறார்கள். பெயர் மட்டும் எழுதினாலும் 2 கே.பி.தான். விலாசத்தோடு எழுதினாலும் 2 கே.பி.தான். அப்படிப் பார்த்தால் 4 எம்.பி. படம் ஒன்றின் எடை, சுமார் 2,000 வாடிக்கையாளர் பதிவுகளுக்குச் சமம்!

52 லட்சமும் போதாதா?

பதிவுகளுக்கு 10 ஜி.பி. இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 52 லட்சம் பதிவுகள் அடங்கும்.

"நமக்கு அத்தனை வாடிக்கையாளர் ஏது? பிறகு எப்படி நிறையும்?" என்று கேட்கலாம்.

இங்கேதான் கணக்கு தவறுகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பதிவோடு முடிவதில்லை. அவர் பெயர் ஒரு பதிவு. அவர் கடை ஒரு பதிவு. அவர் செய்த ஒவ்வொரு போனும் ஒரு பதிவு. சொன்ன விலை ஒரு பதிவு. புகார் ஒரு பதிவு. புகாருக்கு ஆள் அனுப்பியது இன்னொரு பதிவு.

ஒரு லட்சம் வாடிக்கையாளர். ஆளுக்கு 25 பதிவு. ஆக 25 லட்சம் பதிவு. 10 ஜி.பி.யில் ஏறக்குறையப் பாதி தீர்ந்தது! போதாக்குறைக்கு, கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் கடிதங்களும் ஒவ்வொன்றாகச் சேரும்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். இனிஷியலோடு ஒருமுறை, ஊர்ப் பெயரோடு ஒருமுறை, கடைப் பெயரில் ஒருமுறை எழுதிவிடுவார்கள். ஒரு மனிதருக்கு மூன்று பதிவு. அவருக்கு ஒரே தீபாவளி வாழ்த்து மூன்று தடவை போகும். அவர் சிரித்துக்கொள்வார். வாடகை கட்டுகிறவர்தான் சிரிக்க முடியாது.

அறை மூன்று, விலை மூன்று

பல கம்பெனிகள் இடத்தைத் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பதிவுகளுக்கு ஓர் அறை. படம், பில் நகல் முதலிய கோப்புகளுக்கு ஓர் அறை. எல்லா அறைக்கும் ஒரே விலை அல்ல.

மைக்ரோசாப்ட் கம்பெனியின் 2019-ஆம் ஆண்டு விலைப்பட்டியலைப் பாருங்கள். கூடுதல் இடம் வேண்டுமானால், பதிவு அறையில் ஒரு ஜி.பி.க்கு மாதம் 40 டாலர். யார் எப்போது எதை மாற்றினார் என்ற குறிப்பு அறையில் 10 டாலர். கோப்பு அறையில் 2 டாலர்தான். ஒரே அளவு சரக்கு. வைக்கும் அறையைப் பொறுத்து இருபது மடங்கு வித்தியாசம்!

வீட்டில் பீரோவில் நகை வைக்கிறோம். விறகைக் கொல்லையில் அடுக்குகிறோம். விறகைப் பீரோவில் அடுக்கினால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும். ஆகவே சாப்ட்வேர் வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எத்தனை அறை? எந்த அறைக்கு என்ன வாடகை? நிறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?"

கோவையிலேயே ஒரு கம்பெனி

கிளவுட் வாடகை பட்டறைகளை மட்டும் வாட்டும் தொல்லை அல்ல. உலகப் பெரிய கம்பெனிகளும் இதில் திணறுகின்றன. அதற்குக் கருவி செய்து விற்பதே ஒரு தொழிலாகிவிட்டது.

அந்தத் தொழிலில் நம் கோவையும் இருக்கிறது! 2011-ல் சரவணகுமார் தொடங்கிய கோவை.கோ என்ற கம்பெனி, ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்திருக்கிறது. அதன் சரக்குகளில் ஒன்று டர்போ360. மைக்ரோசாப்டின் அசூர் என்ற கிளவுட்டில் பணம் எந்தெந்த வழியில் செலவாகிறது, எங்கே வீணாகிறது என்று அது காட்டும்.

பம்பு பட்டறைக்கு அவ்வளவு பெரிய கருவி தேவை இல்லை. ஆனால் அதன் பாடம் எல்லோருக்கும் பொது. செலவைக் குறைக்கும் முன்பு, செலவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சி.ஆர்.எம். சாப்ட்வேர் பலவற்றில் இதைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். மாதம் ஒருமுறை அதைப் பார்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

அழித்திருந்தால்?

இப்போது கணபதிப் பட்டறைக்குத் திரும்புவோம். பழைய பதிவுகளை எல்லாம் பேரன் அழித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

சித்திரை மாதம். நல்ல வெயில். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டத்துக்காரர் போன் செய்கிறார்.

"ஏனுங்க, எட்டு வருசத்துக்கு முன்னால உங்ககிட்ட வாங்குன மோட்டாருங்க. ஓடாம நின்னு போச்சு. தென்னம்பிள்ளை வச்சு மூணு மாசந்தானுங்க ஆச்சு. தண்ணி இல்லீனா காஞ்சு போயிருமுங்க!"

அந்த மோட்டார் எத்தனை குதிரைசக்தி? போர் எத்தனை அடி ஆழம்? உள்ளே விட்ட கேபிள் எவ்வளவு நீளம்? கடைசியாக எப்போது காயில் கட்டியது?

பதிவு இருந்தால், மெக்கானிக் வேண்டிய சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அன்று மாலையே தண்ணீர் ஓடும்.

பதிவு இல்லாவிட்டால், முதலில் வெறுங்கையோடு போய்ப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து சாமான் எடுக்க வேண்டும். மறுபடியும் போக வேண்டும். அதற்குள் இரண்டு நாள் போய்விடும். தென்னம்பிள்ளைக்கு அந்த இரண்டு நாள் பெரிது. தோட்டத்துக்காரர் அடுத்த மோட்டாரை வேறு கடையில் வாங்குவார்.

அந்தப் பதிவின் அளவு என்ன? 2 கே.பி.! அதை அழித்து மிச்சமாவது ஒரு காசு பெறாது. இழப்பதோ ஒரு குடும்பத்தின் நம்பிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

சிலவற்றை அழிக்க நமக்கு உரிமையும் இல்லை.

ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்கள் கணக்குகளை 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளிலிருந்து இந்த 72 மாதம் எண்ணப்படும். வழக்கு நடந்தால் இன்னும் அதிக காலம் வைத்திருக்க வேண்டி வரும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி 8 ஆண்டுக் கணக்குப் புத்தகங்களைக் காக்க வேண்டும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருப்போமே!" என்றும் இருந்துவிட முடியாது.

2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. அவை படிப்படியாக அமலுக்கு வருகின்றன. பிறருடைய தகவலை எதற்காக வாங்கினோமோ அந்தக் காரியம் முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதபோது, அதை அழித்துவிட வேண்டும் என்பது இதன் நெறி. தகவலைச் சரியாகக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டத்தில் இடம் உண்டு.

என்றோ ஒருநாள் வாங்கிய ஆதார் நகல், குடும்ப அட்டைப் படம் இவை பெட்டியில் சும்மா கிடந்தால் வாடகையும் போகும், ஆபத்தும் சேரும். திருடன் கையில் அவை கிடைத்தால் பாதிக்கப்படுவது நம்மை நம்பிக் கொடுத்த வாடிக்கையாளர்தான்.

செய்ய வேண்டிய ஐந்து காரியங்கள்

1. பாருங்கள். எது இடத்தைத் தின்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். முக்கால்வாசி நிறையும்போதே வேலையைத் தொடங்குங்கள். முழுவதும் நிறைந்த பிறகு அவசரத்தில் அழித்தால் நல்லதும் சேர்ந்து போகும்.

2. ஒன்றாக்குங்கள். ஒரே ஆளுக்கு இருக்கும் இரண்டு, மூன்று பதிவுகளை ஒன்றாகச் சேருங்கள். புதிதாக எழுதும்போது போன் நம்பரைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

3. சுருக்குங்கள். படத்தைச் சிறிதாக்கி ஏற்றுங்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்திருந்தால், அதில் உள்ள நம்பரை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படம் தேவை இல்லை.

4. இடம் மாற்றுங்கள். முடிந்துபோன பழைய விவரங்களைச் சாப்ட்வேரிலிருந்து நகல் எடுத்துத் தனி டிஸ்க்கில் வையுங்கள். ஒரே டிஸ்க்கை நம்பக்கூடாது. பட்டறையில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று என இரண்டு நகல் வேண்டும். இரண்டும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே மூலத்தை அழியுங்கள்.

5. எழுதி வையுங்கள். எதை எத்தனை ஆண்டு வைப்பது, யார் அழிக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆடிட்டரைக் கேட்டு ஆண்டுக் கணக்கை எழுதுங்கள். வேலைக்கு நேற்று வந்த பையன் கையில் அழிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கும் இதுவே பாடம்

இது பட்டறைக்காரர் கதை மட்டும்தானா? உங்கள் செல்போனை எடுத்துப் பாருங்கள்!

கூகுள் ஒவ்வொருவருக்கும் 15 ஜி.பி. இடத்தை இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறது. கடிதம், படம், கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். முன்பு சற்றுச் சுருக்கிய படங்களுக்குக் கணக்கு இல்லை. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களும் கணக்கில் சேர்ந்துவிட்டன.

தினம் வரும் "காலை வணக்கம்" படங்கள், ஒரே கல்யாணத்தை முப்பது தடவை எடுத்த படங்கள் இவைதாம் வீட்டுக் குடோனின் சொத்தை மஞ்சள். அழித்தாலும் உடனே இடம் காலியாகாது. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்பு பாட்டியின் பழைய படம் தவறிப்போய் அதில் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!

கணபதிப் பட்டறையில் பேரன் என்ன செய்தான்? அப்பாருவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கினான். பெரிய படங்களைத் தனி டிஸ்க்குக்கு மாற்றினான். தேவை இல்லாத ஆதார் நகல்களை அழித்தான். வாடிக்கையாளரின் பெயர், ஊர், மோட்டார் விவரம் ஆகியவற்றில் கை வைக்கவே இல்லை.

மாலையில் திரையைப் பார்த்தான். இடம் பாதிக்கு மேல் காலி. வாடகையை ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை.

"தீந்துச்சுங்க அப்பாரு."

பெரியவர் சிரித்தார்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க கண்ணு. பொட்டிக்குள்ள போடறதுக்கும் அதேதான்!"